காதுக்கு எட்டாத தூரம்

கேள்வி கேட்கும்போது குடும்பத்தினர் எவரும் காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. ஆய்வில் சேர்ந்த அன்று என் மனைவியிடம் தந்த தாளிலேயே இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள், நான் படித்தேன். மாதுங்காவில் எங்கள் சின்ன வீட்டில் காதுக்கு எட்டாத தூரம் வேண்டுமென்றால் பக்கத்துப் பேட்டையான மாஹிமுக்குத்தான் போக வேண்டும்.

பெரியவர்களின் மனசு உடம்பை என்ன செய்கிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை வீடு தேடி வந்து பார்க்கும் நீண்டகால ஆய்வு. தாராவியிலிருந்து ஒரு பெண் வருவாள். வந்ததும் நான் குடையுடன் இறங்கிவிடுவேன். இந்த முறை பேய்மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். கட்டட வாசலிலேயே திரும்பி, பின்படி ஏறி, சமையலறையில் நின்றேன்.

கூடத்தில் அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்: “மனசு விட்டுச் சிரிச்சியளா, மாமி?”

“சிரிச்சேனே. போன தடவை நீ வந்தப்போ.”

“அது போன வருசம்லா!”

“அதைத்தான் சொல்றேன்.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் சீறல்.

“ஏறிக்கிட்டேல்லா போவுது! டாக்டர்ட்ட போங்கன்னு போன தடவையே சொன்னம்லா? மாமாட்ட சொன்னியளா?”

“அவர்ட்டயா? நன்னாருக்கு. ஒரு ஃபைல் ஆரம்பிப்பார். நம்பர் போடுவார். அப்புறம் வைத்தியம் அந்த ஃபைலுக்குத்தான் நடக்கும், எனக்கில்லை.”

அவளுக்கு ரத்த அழுத்தம் என்பதே எனக்குத் தெரியாது. ஓய்வு பெறும்வரை அடுத்தவர் எழுதிய கோப்புக் குறிப்புகளில் குறை கண்டு பிழைத்தவன் நான். அவள் சொன்னதில் ஒரு குறையும் அகப்படவில்லை.

மாலையில் ஆய்வு அலுவலகத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். விதி மீறப்பட்டது என்பது முதல் வரி. மீறியவர் யார் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. கிழித்துப் போட்டேன்.

மறுநாள் காபி ஆற்றும்போது அவளிடம் கேட்டேன்: “செம்பூர்ல நல்ல டாக்டர் இருக்காராம். போலாமா? சும்மா, வெறுங்கையோட.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நேத்திக்கு அந்த மழையில நீங்க நனையவே இல்லை” என்றாள். அவ்வளவுதான். போவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தினமும் கேட்டேன். அலுவலகமாக இருந்தால் சில நினைவூட்டல்களுக்குப் பிறகு மேலிடத்துக்கு எழுதியிருப்பேன். இங்கே மேலிடமும் அவள்தான். மழை விட்டது, தெருமுனையில் கணபதிக்குப் பந்தல் போட்டார்கள், மேளம் காதைப் பிளந்தது. கருவியின் அந்தச் சீறல் மட்டும் எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

“டாக்ஸி பிடிங்கோ. கையில ஒரு காகிதம் பார்த்தேன்னா இறங்கிடுவேன்” என்று அவள் சொன்னது, கணபதியைக் கடலில் கரைத்த மறுநாள் காலை.