மச்சான் மீசையும் கேலியின் பூர்வீகமும்

போன ஞாயிற்றுக்கிழமை செந்துறையில் ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை... பேச்சுவாக்கில்.

பெண் கயல்விழி, என் சித்தப்பா மகனின் மகள். எங்கள் வழக்கப்படி நான் அவளுக்குப் பெரியப்பா. பையன் செந்தில், சென்னையில் அவளோடு ஒரே ஆபீசில் வேலை பார்ப்பவன். இருவரும் தாங்களே முடிவு செய்துவிட்டு, ஊருக்கு வந்து, 'பெரியவங்க பார்த்துச் செய்யுங்க' என்று சொன்ன சமர்த்துப் பிள்ளைகள். அன்று பெண் வீட்டில் நிச்சயதார்த்தம்.

அரியலூரில் பஸ் ஏறும்போதே என் தலைக்குள் வேறு சமாச்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் பெரம்பலூர் வாசகர் வட்டத்தில் நான் பேச வேண்டும். தலைப்பு — மனிதன் ஏன் சிரிக்கிறான் என்று முதன்முதலில் யோசித்தவர் யார்? அதற்காகப் படித்துக்கொண்டே இருந்தேன். அடுத்தவனின் அசட்டுத்தனத்தைப் பார்த்து நமக்குள் வரும் கொஞ்சம் கெட்ட சந்தோஷம்தான் சிரிப்பு என்றார் கிரேக்கத்துப் பெரியவர் ஒருவர். யாருக்கும் வலிக்காத குறையாக இருக்க வேண்டும் என்று அவருடைய சீடர் அதைத் திருத்தினார்.

நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? பழைய இலக்கணம் சிரிப்புக்குக் காரணங்களை அடுக்கி, கேலியை முதலில் வைத்திருக்கிறது. அதற்கு உரை எழுதியவர் இன்னும் ஒருபடி மேலே போகிறார். பிறரைக் கேலி செய்து நாம் சிரிப்பதும் இதில் சேரும். பிறர் நம்மைக் கேலி செய்யும்போது நாமே சிரிப்பதும் சேரும் என்கிறார். முதல் பாதி புரிந்தது. இரண்டாவது பாதி? நம்மைக் கேலி செய்தால் நாம் ஏன் சார் சிரிக்கப்போகிறோம்?

இந்தச் சந்தேகத்தோடு கூடத்தில் உட்கார்ந்தேன். எதிரே பையனின் பெரியப்பா. அப்பா இல்லாத பையனை வளர்த்து ஆளாக்கியவர். தலை முழுக்க வெள்ளை. மீசை மட்டும் கருகருவென்று இருந்தது.

பெண்ணுக்கு நான் பெரியப்பா. பையனுக்கு அவர் பெரியப்பா. அப்படியென்றால் அவரும் நானும் மாமன் மச்சான். எங்கள் பக்கத்தில் பங்காளியைக் கேலி செய்தால் தப்பு. மச்சானைக் கேலி செய்யாவிட்டால் தப்பு. விடுவேனா?

"என்ன மச்சான், டை மீசையோட தீந்துபோச்சா? தலைக்கு எட்டலையே!"

கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"என்னைக் கேலி பண்றதுக்கு நீங்க எனக்கு என்ன முறைங்க?"

கோபத்தில் கேட்டதுதான். ஆனால் கேட்டுவிட்டாரே... அவர் மனைவி அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏங்க, உங்க அப்பத்தா உடையார்பாளையம். இவங்க அப்பத்தாவும் உடையார்பாளையம்தானாம். ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி முறையில்ல வருது? அப்ப நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியாவுல்ல போயிடுறீங்க?"

சிரிப்பு நின்றது. நாங்கள் அண்ணன் தம்பி என்றால் எங்கள் பிள்ளைகள்? அண்ணன் தங்கை. அப்புறம் எங்கே கல்யாணம்?

கயல்விழியின் அம்மா பதறிப்போனார். "ஒரே ஊர்ல பொறந்தவங்க அக்கா தங்கச்சின்னு கூப்பிட்டுக்குறதுதான். அதெல்லாம் ஒரு முறையாங்க?"

முறைதான் என்றார்கள் சிலர். இல்லை என்றார்கள் சிலர். தாம்பூலத் தட்டு நடுவில் அப்படியே இருந்தது. அறை வாசலில் கயல்விழி நின்றுகொண்டிருந்தாள். அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் தட்டு மாறியிருக்கும்.

பையனின் பெரியப்பா செந்திலைப் பார்த்தார். செந்தில் தரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்த பெரியப்பா, பிறகு என் பக்கம் திரும்பினார். என் முகத்தை அல்ல, முகத்துக்கு மேலே பார்த்தார்.

"எனக்காச்சும் டை அடிக்க முடி இருக்கு மச்சான். நீங்க அடிச்சா நேரா மண்டைக்குத்தான் அடிக்கணும்."

மச்சான்! சொல்லிவிட்டார்.

ஆனால் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது நான் முறைத்தால் பங்காளி, சிரித்தால் மச்சான். என் வழுக்கையைப் பற்றி வீட்டில் என் மனைவிகூடப் பேசுவதில்லை. சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் சிரித்தேன். வாய்விட்டு, தொடை தட்டி, தட்டு மாற்றி முடிக்கும்வரை சிரித்தேன்.

அந்த உரையாசிரியர் எழுதிய இரண்டாவது பாதி இப்போது புரிகிறது. அவரும் எங்கோ ஒரு நிச்சயதார்த்தத்தில் மாட்டியிருக்க வேண்டும். கிரேக்கத்துப் பெரியவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று யோசித்தார்கள். யார் யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று முறை பார்த்த மாதிரி தெரியவில்லை. பாவம், அவர்கள் வீட்டு நிச்சயதார்த்தமெல்லாம் எப்படி நடந்ததோ...

கிளம்பும்போது கயல்விழி பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள்.

"கல்யாணத்தன்னிக்கும் அவங்க பெரியப்பா உங்க தலையைப் பத்திப் பேசுவாரு. சத்தமா சிரிச்சிடுங்க பெரியப்பா."

"எத்தனை தடவை சொன்னாலுமா?"

"எத்தனை தடவை சொன்னாலும். நீங்க சிரிக்கலன்னா நான் செந்திலுக்குத் தங்கச்சி ஆயிடுவேன்."