வாசல் திறக்கும் முன் வந்த எடை

கிளியூர் சத்யராஜைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. ஐந்தாவது தாண்டாமல், அடிவாரத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்து, இன்று ஏற்காட்டில் சொந்தக் காப்பித் தோட்டம் வைத்திருப்பவன் நான். எலக்ட்ரானிக் தராசைக் கம்ப்யூட்டரோடு பேச வைத்த காப்பிக் களம் மலையிலேயே என்னுடையதுதான் முதலில்.

பேச வைத்தவன் சத்யராஜ். தராசின் வயரைச் செருகும் சீரியல் போர்ட் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் நம்ப வைக்கும் டிரைவர் புரோகிராமை எழுதினான். நான் அதை வாசல் என்பேன். தராசு சொல்லும் எடை அதன் வழியாகத்தான் உள்ளே போகும். இந்தக் காப்பிப் பழ சீசன் முழுக்கப் பிழையில்லாமல் ஓடினால் வீட்டிலிருந்தே வேலை தருவதாகத் தராசு விற்கும் சேலத்துக் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. அவனுடைய அம்மா காவேரி என்னிடம் பழம் பறிப்பவர். முழங்கால் தேய்ந்துவிட்டது, வேறு துணை இல்லை. மலையை விட்டு அவன் எங்கே போவான்?

இங்கே மழைக்காற்று அடித்தால் கரண்ட் போய்விடும். திரும்பி வந்ததும் தராசு உடனே விழித்து, தட்டில் இருக்கும் எடையை அனுப்பிவிடும். கம்ப்யூட்டர் மெதுவாக எழுந்து வாசலைத் திறப்பதற்குள் அந்த எடை காணாமல் போயிருக்கும். அதற்காகச் சத்யராஜ், முந்தி வருவதைப் பிடித்து வைத்திருந்து, வாசல் திறந்ததும் கொடுக்கும்படி டிரைவரை மாற்றினான். ஊரெல்லாம் நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

எங்கள் பெண்களுக்கு எடைக்குத்தான் கூலி; பழக்கம் மட்டும் முள் தராசுக் காலத்தது. எடையைக் கண்ணால் பார்த்ததும் மூட்டையை இறக்கிவிடுவார்கள். பின்னால் நிற்பவள் தன் மூட்டையை ஏற்றிவிடுவாள்; அவளுக்கு அடுத்தவள் கை கொடுப்பாள். அன்று கரண்ட் வந்ததும் பொன்னாயி தன் பெரிய மூட்டையின் எடையைப் பார்த்து இறக்கினாள். காவேரி தன்னுடையதை ஏற்றினார். கம்ப்யூட்டர் அப்போதுதான் எழுந்தது. அறைக்குள் கணக்கு ஏற்றும் ரைட்டர் செல்வராஜ் காவேரி பெயரை அழுத்த, பிடித்து வைத்திருந்த பொன்னாயியின் எடை அதில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு எல்லாருடைய எடையும் ஒரு ஆள் தள்ளித் தள்ளியே ஏறியது.

சாயங்காலம் எடையை வாசித்தபோது பொன்னாயி சத்தம் போடவில்லை.

"மகன் எழுதுன மெசினு, அம்மாளுக்குத்தானுங்க பால் கறக்குது," என்றாள். களமே சிரித்தது. காவேரி மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

சத்யராஜை அழைத்து, சரி செய் என்றேன்.

"தூக்கிப் போட்டா ஒருத்தர் எடை போயிருதுங்க ஐயா. புடிச்சு வெச்சா அடுத்தவங்க பேர்ல ஏறுது. அந்நேரம் தட்டுல யார் மூட்டை இருந்துச்சுன்னு டிரைவருக்குத் தெரியாதுங்க."

"தெரிய வை சாமி."



கம்ப்யூட்டர் எழும்வரை மூட்டையை இறக்காதீர்கள் என்று பெண்களிடம் நானே சொன்னேன். என் பேச்சைத் தட்டி இந்த மலையில் யாரும் நடந்ததில்லை. ஆனால் பனி இறங்குகிறது, கடைசி பஸ் போய்விடும் என்று இறக்கிக்கொண்டேதான் இருந்தார்கள். பையன் திருடவில்லை என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். ஒருத்தியும் நம்பவில்லை.

சேலத்துக் கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். முந்தி வருவதையெல்லாம் தூக்கிப் போடும்படி வேறு ஆளை வைத்து எழுதிக்கொண்டார். சத்யராஜுக்கு ஓசூரில் குடோன் வேலைதான் கிடைத்தது. அம்மாவைக் கூட்டிப்போக அங்கே இடமில்லை.

காவேரி இன்னும் வருகிறார். அடுத்தவள் எடை தன் பேரில் ஏறியது என்ற பேச்சு இனி வேண்டாமென்று, மற்றவர்கள் எடை போட்டு பஸ்ஸுக்குப் போகும்வரை தள்ளியே நிற்பார். பின்னால் யாரும் இல்லாதபோதுதான் மூட்டையை இழுத்துக்கொண்டு வருவார். கை கொடுத்துத் தட்டில் ஏற்றிவிடவும் ஆள் இருக்காது.