பீடிக்காகச் சாமியை இறக்கியவர்

காளிமுத்து அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஈப்போவில், பாய் கடையில், பாதி ரொட்டி சானாய் கையில் இருக்கும்போது வந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு பாய் என் மேசைக்கு வந்தார். "அண்ணே, தாப்பாலேர்ந்து போன் வந்துச்சு. காளிமுத்து அண்ணன் தவறிட்டாராம். நெஞ்சு வலியாம்." சரி என்றேன். மிச்ச ரொட்டியையும் சாப்பிட்டு முடித்தேன். இன்னொரு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தேனாம். பாய் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை. அன்றிலிருந்து உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது.

நம் தோட்டத்து ஆட்கள் இன்று ஈப்போ, லூமுட், பாரிட் புந்தார் என்று திசைக்கொருவராகப் போய்விட்டோம். பலருக்குச் செய்தி எட்டியிருக்காது, அதனால் எழுதுகிறேன். எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. அது கருமாதி அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அண்ணனும் நானும் பக்கத்துப் பக்கத்து மர நெரையில் ரப்பர்ப் பால் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறிவிட்டது, பால் கொடுக்கும் கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நடப்போகிறார்கள், லயத்து வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் சொன்னார்கள். உங்களுக்கு நினைவிருக்கும், லயமே ஒப்பாரி வைத்தது. மறுநாள் காலை அண்ணன் வழக்கம்போல் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து, பட்டையில் ஒரு கீறல் அதிகம் படாமல் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. "சாயப்போற மரத்துக்கு எதுக்குண்ணே இவ்வளவு பதமா வெட்டுறீங்க?" என்றேன். "மரத்துக்கு அது தெரியாதுலா தம்பி. அதுக்கு இன்னிக்கும் வேலை நாளுதான்" என்றார்.

அடுத்தது நீங்கள் எல்லோரும் அறிந்த கதை. நம்மில் பாதிப் பேர் சேர்ந்து, தாப்பாவுக்கு அந்தப் பக்கம் துண்டு துண்டாக நிலம் எடுத்து, தகரக் கூரை போட்டுக் குடியேறினோம். அந்த ஊரைப் புதுக்கம்பம் என்றோம். சாமான்கள் லோரியில் போயின. முனியாண்டி சாமியை லோரியில் ஏற்ற முடியுமா? சாமி நின்ற இடத்திலிருந்து பிடிமண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, கணவன் மனைவியாக இருவர் வெறுங்காலில் நடந்து கொண்டுவர வேண்டும். வழியில் எங்கும் கீழே வைக்கக்கூடாது. எங்கே தரையில் படுகிறதோ, அங்கேயே சாமி இறங்கிவிட்டதாக அர்த்தம். நம்பிக்கையான ஆள் என்று காளிமுத்து அண்ணனையும் லெட்சுமி அக்காவையும் அனுப்பினோம்.

புதுக்கம்பத்தில் மேளத்தோடு காத்திருந்தோம். பொழுது சாய்ந்த பிறகு இருவரும் வந்தார்கள். அக்காவின் முகம் வெளுத்திருந்தது. நேராக வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார். அண்ணன் கை வெறுங்கையாக இருந்தது. "பலகை ஆலைக்கு எதிர்த்தாப்பல, அங்சானா மரத்தடியில எறக்கிட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டோம். "பீடி பத்த வெக்க" என்றார்.

அன்று அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமா? இறங்கிய சாமியை மறுபடி அழைக்க முடியாது என்று பெரியவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதன்பின் யார் வீட்டு ஆடு செத்தாலும், யார் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், காவலுக்குச் சாமி இல்லாத ஊர் இப்படித்தான் போகும் என்று அண்ணன் வீட்டுப் பக்கம் பார்த்துச் சொன்னோம். அந்த மரத்தடிச் சடக்கோரத்துச் சாமிக்கு நாம் வைத்த பெயர் பீடி முனி. ஊரில் அம்மன் கோயில் கட்டியபோது எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு நாள் பூசை கொடுத்தோம், அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் பந்தல்கால் நட்டார், தண்ணீர் சுமந்தார், பூசை தொடங்கும்போது வெளியே போய் நின்றுகொண்டார். அந்த நாளிலிருந்து அவர் பீடியைத் தொடவில்லை. குற்ற உணர்ச்சி என்று அதையும் நாமே முடிவுகட்டினோம்.

அந்த ஊரில் காலூன்ற அவர் பட்ட பாடு தனி. லயத்தில் மணியடித்து எழுந்து பழகியவர், மணி இல்லாத ஊரிலும் இருட்டோடு எழுந்து தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். வெட்ட மரம் ஏது? "வேலை இல்லேன்னு காலுக்கு யாரு போயி சொல்றது?" என்று சிரித்துவிட்டு மரவள்ளிக்கு மண் அணைக்கப் போவார். வெள்ளிக்கிழமையானால் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பலகை ஆலைப் பக்கம் போய் வருவார். ஒரு வாரம்கூட விட்டதில்லை.

கருமாதி அன்று படையல் போட்டார்கள். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது வழக்கம்தானே. யாரோ ஒரு பீடிக்கட்டை வைத்து, "இதை வெச்சாத்தான் அண்ணன் எறங்குவாரு" என்றார். கூடாரத்தில் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. லெட்சுமி அக்கா எழுந்து வந்து அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். கிணற்றடியில் அதை வீசியெறிந்துவிட்டு நின்றிருந்தவரிடம் போய், "என்னாக்கா?" என்றேன்.

"அவரு பீடி பத்த வெக்கல தம்பி" என்றார். "நாந்தான் விழுந்தேன். அப்ப முழுகாம இருந்தேன். எத்தனை வருசம் கழிச்சு நின்ன புள்ள! நின்னு புடிக்கட்டும்னு யாருகிட்டயும் சொல்லல. பலகை ஆலைகிட்ட வரும்போது வயித்தப் புடிச்சிக்கிச்சு. ரத்தமா போவுது, கண்ணு இருட்டுது. அவரு துணிய கீழ வெச்சிட்டு என்னைத் தாங்கிப் புடிச்சாரு. கை ரெண்டுதான தம்பி இருக்கு? சாமிய எறக்கிட்டீங்களேன்னு நான் அழுதேன். 'சாமி தானா நிப்பாரு, நீ விழுந்துருப்ப'ன்னாரு."

வாளியில் இருந்த தண்ணீரை மொண்டு அவர் கையில் கொடுத்தேன்.

"தீட்டோட சாமிகூட நடந்தா, சாமியும் போச்சு புள்ளையும் போச்சுன்னு ஊரு என்னை வாழ விடாதுன்னு அவருக்குத் தெரியும். 'பீடின்னு நான் சொல்லிக்கிறேன், நீ வாயத் தொறக்காத'ன்னாரு. சாவுற வரைக்கும் என்னைத் தொறக்க விடல."

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவை அழைத்துக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போனேன். சாமிக்கென்று நட்டிருந்த கல்லுக்கு முன்னால் ஒரு சுருட்டு வைத்தார். பிறகு நாலடி தள்ளி, புல் செதுக்கிச் சுத்தமாக இருந்த ஓர் இடத்தில், கொட்டாங்குச்சியில் பால் ஊற்றி வைத்தார். "இது புள்ளைக்கு. அவருதான் வெப்பாரு" என்றார். அண்ணன் வாராவாரம் எதற்குப் போனார் என்று அப்போதுதான் புரிந்தது. அழவேண்டிய இடம் அது. எனக்கு அழுகை வரவில்லை.

இதை நம் ஆட்களுக்கு எழுதட்டுமா என்று திரும்பும் வழியில் கேட்டேன். "எழுதுங்க தம்பி. என்னைய ஏசுறவங்க ஏசிக்கட்டும். அவரை ஏசுனது போதும்" என்றார்.

எழுதிவிட்டேன். நாம் பீடிக்காரன் என்று ஒதுக்கிவைத்த மனிதர் சொன்ன அந்த ஒரு பொய்யைத்தான் அவர் நினைவாக நான் வைத்துக்கொள்கிறேன். இந்த வெள்ளிக்கிழமையும் தாப்பா பஸ் ஏற வேண்டும். அக்காவால் அந்த மரத்தடி வரை தனியாக நடக்க முடியாது.