நான் சேர்த்த கடைசிப் பிரிவு

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் வைத்து ஒரு யாப்பு, அதாவது அமைப்புச் சட்டம், எழுதினோம். லண்டனில் சனிக்கிழமைகளில் நடக்கும் ஐந்து தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் சேர்ந்து ஓர் ஒன்றியம் அமைப்பதாக முடிவாகியிருந்தது. எழுத உட்கார்ந்தவர்கள் மூன்று பேர். மூவருமே இலங்கைக்குச் சமஷ்டி, அதிகாரப் பகிர்வு என்று கேட்டுக் கேட்டே நரைத்தவர்கள். அதனால் ஒன்றியத்தின் கைகளை நன்றாகக் கட்டினோம். பாடப்புத்தகமும் ஆண்டுப் பரீட்சையும் மட்டும் ஒன்றியத்துக்கு. மற்றதெல்லாம் அந்தந்தப் பள்ளிக்கூடத்துக்கு. எந்த ஆசிரியரையும் அவருடைய விளக்கத்தைக் கேட்காமல் நீக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். தட்டச்சு செய்தவன் நான். அன்று எனக்கிருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

எல்லாம் முடிந்த பிறகும் ஏதோ குறைவதுபோல் எனக்குப் பட்டது. அவசர நிலையில் நிர்வாகக் குழு இந்த யாப்பின் எந்தப் பிரிவையும் இடைநிறுத்தலாம் என்று ஒரு வரியைச் சேர்த்து வாசித்துக் காட்டினேன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். இலங்கையின் அவசரகாலச் சட்டத்துக்குத் தப்பி ஓடிவந்த மூன்று பேருக்கு அது உறுத்தவே இல்லை. அவசரகாலம் இல்லாத ஒரு யாப்பை நாங்கள் கண்டிருந்தால்தானே.

பிறகு கொரோனா வந்தது. மண்டபங்களைப் பூட்டினார்கள், ஒன்றியத் தலைவர் அவசர நிலை அறிவித்தார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. கொரோனா போனது. பள்ளிக்கூடங்கள் திறந்தன, பரிசளிப்பு விழா நடந்தது, பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். அவசர நிலை மட்டும் போகவில்லை. தேர்தலும் இல்லை. தலைவரோ மேடை கிடைத்தால் போதும், கொழும்பு அதிகாரத்தைப் பகிர மறுக்கிறது என்று அரை மணி நேரம் முழங்குவார். ஊருக்குத்தான் உபதேசம். நாங்கள் கைதட்டிவிட்டு ரோல்ஸ் சாப்பிட்டோம். நானும்தான் சாப்பிட்டேன்.

லூயிஷாம் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை இருந்தார். ஆண்டுப் பரீட்சை மேற்பார்வைக்குப் போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன்; தேத்தண்ணி போட்டுத் தருவார். கிழமை நாட்களில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. அங்கே அவரை நிமிர்ந்து பார்ப்பவர் எவருமில்லை. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும் அவர் ‘ரீச்சர்’. அந்த ஒரு சொல்லுக்காகவே ஒன்பது வருடமாகச் சனிக்கிழமை ஷிப்ட் எடுக்காமல் இருந்தார். போன தை மாதம் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டார்: தேர்தல் எப்போது?

மூன்றாம் நாள் அவருக்கு மின்னஞ்சல் வந்தது. ஒழுங்கு மீறியதற்காக ஒன்றியம் அவரை நீக்கியிருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் என்ன செய்வது, மேலே முடிவெடுத்துவிட்டார்கள் என்று லூயிஷாம் பள்ளிக்கூடத்தின் அதிபர் கையை விரித்தார். மேலே! மேல் என்று ஒன்று இருக்கவே கூடாது என்பதற்காகத்தானே நாங்கள் ராத்தூக்கம் கெட்டு அந்த யாப்பை எழுதினோம்.

கொதித்துப்போய், யாப்பின் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு மனோர் பார்க்கில் இருக்கும் தலைவர் வீட்டுக்குப் போனேன். விளக்கம் எங்கே கேட்டீர்கள், லூயிஷாம் ஆசிரியர் விஷயத்தில் ஒன்றியத்துக்கு என்ன வேலை என்று வாசலிலேயே சத்தம் போட்டேன். அவர் கோபிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு இருத்தினார். பிரதியை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, என் முன்னால் வைத்தார்.

“நீங்கள் எழுதினதுதானே, அண்ணை. நாங்கள் அதைத்தான் பாவிக்கிறம்.”

அந்த மனிதரை எனக்கு இன்றைக்கும் கண்ணில் காட்டக் கூடாது. ஆனால் அன்று அறை வாங்க வேண்டிய கன்னம் என்னுடையது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கைப் பிடித்து வைத்தவன் நான். அந்த வரியை நீக்குவதென்றால் பொதுக்கூட்டம் கூட வேண்டும். பொதுக்கூட்டம் கூட்டும் பிரிவையும் அந்த வரியைக் கொண்டே இடைநிறுத்தி வைத்திருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை லூயிஷாமுக்குப் போனேன். வகுப்பு நடக்கும் நேரத்தில் ஆசிரியை வீட்டில் இருந்தார். மேசையில் திருத்தி முடித்த கொப்பிகள் அடுக்கியிருந்தன. பிள்ளைகளிடம் எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை என்றார். அந்த வரியை யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. குழு எழுதியது என்று மழுப்பியிருக்கலாம். நான்தான் என்று சொன்னேன்.

அவர் கொப்பிகளை ஒருமுறை நேராக்கி வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“அங்க அவசரகாலம் போட்டவையின்ர முகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை, அண்ணை. உங்களுக்கு எத்தினை தரம் தேத்தண்ணி போட்டுத் தந்திருக்கிறன்.”