பெலாச்சான் லோரியும் வெள்ளைக் குதிரையும்

என் மகள் அடுப்பில் பெலாச்சான் சுடும்போதெல்லாம் நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறேன். எங்கேயோ புறப்பட வேண்டும், ஏற்கெனவே நேரமாகிவிட்டது என்று கால் பரபரக்கிறது. இத்தனைக்கும் இந்த டத்தோ கிராமாட் வீட்டை விட்டு நான் அவசரமாகப் போகவேண்டிய இடம் ஒன்றுமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகிவிட்டது. "அப்பாவுக்கு அந்த நாத்தம் புடிக்கலலா," என்று மகள் உள்ளே சொல்வது காதில் விழும். பிடிக்காமல் இல்லை அம்மா. இறாலை உப்புப் போட்டு இடித்து வெயிலில் காயவைக்கிற அந்தக் கட்டியின் வாசனையோடுதான் நானும் உன் அம்மாவும் பினாங்குக்கே வந்து சேர்ந்தோம்.

லோரி காதர் பாயுடையது. பினாங்கிலிருந்து பெலாச்சான் ஏற்றிக்கொண்டு பேராக் பக்கத்து ஊர்களுக்கு வருவார். திரும்பும்போது வெறும் லோரி. "சும்மா போற லோரிதானே தம்பி, சாமானப் போடு, ஏறு," என்றார். ஒரு கயிற்றுக் கட்டில், இரண்டு மெத்தை, ஒரு தகரப் பெட்டி, பாத்திர மூட்டை. ஆறு மாதக் குடித்தனம் அவ்வளவுதான். முன்னால் ஒரே பலகை இருக்கை. பாய் ஓட்டுகிறார், நடுவில் நான், கதவோரம் சிவகாமி. அவள் சுத்த சைவ வீட்டுப் பெண். முதல் ஐந்து மைல் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. பிறகு எடுத்தாள். பேச வேண்டியிருந்ததே, அதனால்தான்.

எங்கே விட்டேன்? ஆமாம், ஏன் புறப்பட்டோம் என்று சொல்லவில்லை. நான் அப்போது கோலகங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. ரப்பர் விலை அதல பாதாளத்துக்குப் போன காலம். ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டுகிறவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்து எங்கள் முறை. துரை என்னைக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு சரி என்றார். கல்யாணம் செய்து அழைத்து வந்தவளை ஆறே மாதத்தில் திரும்பவும் அவள் அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குவதா? அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. எட்டுத் திசைக்கும் மனு எழுதிப் போட்டேன். பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் இருந்த ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியிலிருந்து மட்டும் பதில் வந்தது. குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணிக்குள், இந்தக் கடிதத்தோடு நேரில் வர வேண்டும்; தவறினால் இடம் வேறொருவருக்கு.

அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. காலையில் பல் விளக்கியதும் ஒரு முறை. படுக்கும் முன் ஒரு முறை. ஆபீசில் யாரும் பார்க்காதபோது மேசைக்கு அடியில் ஒரு முறை. "அதுல இருக்கிற எழுத்து தேஞ்சிரப் போவுது," என்பாள் சிவகாமி.

செவ்வாய்க்கிழமை என்றதும் அவள் முகம் சுருங்கியது. செவ்வாய் வடக்கே சூலம். பினாங்கோ வடக்கே இருக்கிறது. "தொரமாருக்குச் சூலம் தெரியுமா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றாள். புறப்படும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் நல்ல நாள் ஒன்றில் பயணச் சாமானில் கொஞ்சத்தை மூட்டை கட்டி, போகிற திசையில் இருக்கும் வீடு ஒன்றில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அன்றைக்கே தொடங்கியதாக ஆகிவிடும். மறுநாள் போகிறபோது அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு போனால் சூலம் ஒன்றும் செய்யாது.

திங்கட்கிழமை ராகு காலம் கழிந்து, என் வேட்டி ஒன்றில் ஒரு பிடி அரிசியும் மஞ்சள் துண்டும் வைத்து முடிந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு என் நாக்கில் சனி. "வேலைக்குப் போறது நானா? இந்தக் காயிதம்தானே! இது மொதல்ல பொறப்படட்டும்," என்று கடித உறையை மூட்டைக்குள் செருகினேன். என் நகைச்சுவையை நானே மெச்சிக்கொண்டு, மூட்டையைத் தோட்டத்து டிரஸ்ஸர் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். டிரஸ்ஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். நல்ல மனிதர், பேச்சுப் பிரியர்.

செவ்வாய் விடிந்ததும் மூட்டையை எடுத்து வரப் போனேன். காப்பி கொடுத்தார். உட்கார்ந்தேன். உலகத்தில் ரப்பர் விலை ஏன் விழுந்தது என்று அவர் ஒரு காரணம் சொன்னார், நான் மூன்று சொன்னேன். அதற்குள் பாய் ஹாரன் அடித்துவிட்டார். கட்டிப்பிடித்து விடைபெற்று, வீசிய கையும் வெறுங்கையுமாக ஓடிவந்து லோரியில் ஏறினேன்.

பாடாங் ரெங்காஸ் தாண்டும்போது வலப்பக்கம் ஒரு சுண்ணாம்புக் குன்று வரும். தரையிலிருந்து நேராக எழும்பி நிற்கும். "அடேயப்பா," என்றாள் சிவகாமி. நானும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, வழக்கம்போலக் கடிதத்தை ஒருமுறை படிக்கலாம் என்று பையில் கை விட்டேன்.

கடிதம் இல்லை. மூட்டையோடு அதை டிரஸ்ஸர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

திரும்பிப் போகச் சொல்லலாமா? "ஃபெரியில லோரி வரிசை பெருசா நிக்கும் தம்பி, ரெண்டு மணிக்குள்ள போய்ச் சேந்தாத்தான் உண்டு," என்று பாய் கிளம்பும்போதே சொல்லியிருந்தார். திரும்பினால் நேரம் போகும், திரும்பாவிட்டால் கடிதம் போகும். சிவகாமியிடம் சொல்லலாமா? சூலத்தைக் கேலி செய்த வாயால் எப்படிச் சொல்வது? அதைவிட, அவள் முகத்தைப் பார்த்தேன். கப்பலிலிருந்து இறங்கிய நாள் முதல் ரப்பர் மரங்களைத் தவிர வேறொன்றையும் பார்க்காத பெண் அவள். காற்றில் முடி பறக்க, கதவைப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு வெளியே தெரிய உட்கார்ந்திருந்தாள். சொல்ல மனம் வரவில்லை.

அப்புறம் வழி முழுவதும் நான் அந்த லோரியில் இல்லை. புக்கிட் பெராப்பிட் மலை ஏற்றத்தில் லோரி முனகியது தெரியும். தைப்பிங்கில் மழை பிடித்தது தெரியும், ஏனென்றால் என் இடது தோள் நனைந்தது. மற்றபடி உட்கார முடியாமல், எழுந்து நிற்கவும் வழியில்லாமல் நெளிந்துகொண்டே வந்தேன். "அட்டை கடிக்குதா தம்பி?" என்று பாய் கேட்டார். சிவகாமி என் முழங்கையை இடித்து இடித்து, "அங்க பாருங்க! ஐயோ, இங்க பாருங்க!" என்றாள். நான், "உம்" என்றேன். பாகான் செராயில் உம். நிபோங் திபாலில் உம். சிம்பாங் அம்பாட்டில் உம். ஃபெரியில் ஏறி, கடலும் பினாங்கு மலையும் ஒன்றாகக் கண்ணெதிரே வந்தபோது அவள் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் இப்பிடி வேர்க்குது ஒங்களுக்கு?" "வெயில்," என்றேன். வானம் மூடிக் கிடந்தது.

பீச் ஸ்ட்ரீட்டில் இறங்கியபோது மூன்றரை. அவளை லோரியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு மாடியேறினேன். பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். நான் உள்ளே நுழைந்ததும் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார். பெலாச்சான்!

"கடிதம் எங்க?"

சொன்னேன். பரஸ்தானம், டிரஸ்ஸர், காப்பி எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன்.

"கடிதம் இல்லாமல் உம்மை ஆர் எண்டு நான் நம்புறது?"

"ஐயா, ஒரு தாள் குடுங்க. அதுல என்ன இருந்துச்சோ அப்படியே எழுதித் தர்றேன்."

அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். தாளைத் தள்ளினார். நின்றபடியே எழுதினேன். மேலே கம்பெனிப் பெயர், வலது மூலையில் எண், தேதி, என் பெயர், விலாசம், எந்த வரி எங்கே முடிகிறதோ அங்கேயே முடித்து, கடைசியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை வெற்றாக விட்டேன். மூன்றாம் வரியில் டைப் அடித்தவர் ஒரு சொல்லைத் தப்பாக அடித்து, அதன் மேலே வரிசையாக 'x' அடித்து மறைத்திருந்தார். அதையும் அதே இடத்தில் அப்படியே அடித்துக் காட்டினேன். அவர் அலமாரியிலிருந்து நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்து விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு வந்தார். மூன்றாம் வரியில் விரல் நின்றது. கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது.

"அடிச்சு வெட்டினதையும் விடயில்லையே நீர்! நாளைக்குக் காலமை வாரும். குளிச்சுப்போட்டு வாரும்."

இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினேன். "வேல கெடச்சிருச்சு!" என்றேன். சிவகாமி, "அதான் லெட்டர் இருந்துச்சே," என்றாள் சாதாரணமாக.

டத்தோ கிராமாட்டில் பிடித்திருந்த வாடகை வீட்டில் பால் காய்ச்சியபோதுதான் நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. பொங்கி வழிந்த பாலை இறக்கி வைத்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப வழியில நீங்க ஒண்ணுமே பாக்கலியா?" அவள் குரலில் அவ்வளவு ஏமாற்றம். என்னால் தாங்க முடியவில்லை. "ஏன் பாக்கல? எல்லாம் பாத்தேனே," என்றேன்.

ஒரு வாரம் கழித்து டிரஸ்ஸர் மூட்டையைத் தபாலில் அனுப்பி வைத்தார். அந்த ஒரு பிடி அரிசியைப் போட்டு அவள் பொங்கல் வைத்தாள். மெத்தை மட்டும் ஒரு வருஷம் வரை பெலாச்சான் வாசம் அடித்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசாத மாதம் இல்லை. தைப்பிங்கில் சாலை மேல் கவிந்திருந்த மரங்கள். பாகான் செராய் வாய்க்காலோரம் எருமை மேல் தூங்கிக்கொண்டே போன பிள்ளை. அங்கேயே ஒரு தென்னையில் கட்டியிருந்த வெள்ளைக் குதிரை. நிபோங் திபால் பாலத்துக்குக் கீழே படகில் போன கல்யாணப் பெண். ஃபெரியில் கூடைக்குள் மயில் வைத்திருந்த சீனக் கிழவர். "ஞாபகம் இருக்காங்க?" என்பாள். "ஏன் இல்ல?" என்பேன். நாளாக நாளாக நானும் கொஞ்சம் சேர்க்கத் தொடங்கினேன். வந்தவர்களிடம் கல்யாணப் பெண்ணின் சேலை நிறத்தைக் கூடச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு தரம் அதே வழியில் போக வேண்டும் என்பது அவள் ஆசை. போனதெல்லாம் ரயிலில்தான். அடுத்த வருஷம் போகலாம், அடுத்த வருஷம் போகலாம் என்று தள்ளினேன். ஆற அமரப் போய்ப் பார்க்கிற பொறுமை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

அவள் படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் ஒரு நாள், "அந்த வெள்ளக் குதிர..." என்று ஆரம்பித்தாள்.

"ஆமா, என்னா அழகு! வாலு தரையத் தொடும்ல?"

சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு இருமலானது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்: "குதிரையே இல்லீங்க."

வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்த்தாளாம். என்றைக்காவது ஒரு நாள், 'நான் பார்க்கவில்லை' என்று வாய் திறந்து சொல்லமாட்டேனா என்று நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தாளாம்.

"வேற எதெல்லாம் இல்ல?" என்று கேட்டேன்.

"போய்ப் பாத்துக்கங்க," என்றாள்.

போன மாதம் போனேன். "ஹைவேல போனா சீக்கிரம்லா அப்பா," என்ற மகளைக் கெஞ்சிப் பழைய சாலையில் கெரேத்தாவை, அதாவது காரை, ஓட்டச் சொன்னேன். போகும்போது கடல் மேல் புதுப் பாலம். ஃபெரி வரிசை இல்லை. சிம்பாங் அம்பாட்டில் அடுக்கடுக்காக வீடுகள். நிபோங் திபால் ஆற்றில் படகைக் காணோம். தைப்பிங் சாலையில் கவிந்த மரம் எது, புதிதாக நட்டது எது என்று தெரியவில்லை. பாடாங் ரெங்காஸ் குன்று மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அதை நான் முன்பே பார்த்தாயிற்று. எருமைப் பிள்ளை இருந்தானா, கல்யாணப் பெண் இருந்தாளா? காதர் பாய் போய் வெகு காலமாகிறது. அந்தச் சாலையில் எது உண்மை என்று தெரிந்த ஒரே ஆளையும் நான் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

திரும்பும்போது பாகான் செராய் வாய்க்காலோரம் ஒவ்வொரு தென்னையாக, குதிரை கட்டியிருக்கக்கூடிய மரம் எது என்று தேடிக்கொண்டே வந்தேன். இல்லாத குதிரைக்கு மரம் தேடுகிற புத்தி!

"அப்பா, அந்தப் பக்கம் வயல்ல பாத்தீங்களா? எவ்ளோ கொக்குலா!"

"உம்," என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. சட்டென்று திரும்பினேன். வயல் முடிந்து கடைகள் வந்துவிட்டன.

"நெசமாவே கொக்கு இருந்துச்சாம்மா?"

அவள் சாலையைப் பார்த்தபடியே சிரித்தாள். அச்சு அசல் அவள் அம்மாவின் சிரிப்பு.

"பாத்தேன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"