தொப்பி போட்ட கருவாட்டுக்காரி

பெரிய கம்பெனி பேர்ல கடை எடுத்து நடத்துறவங்களுக்கெல்லாம் தெரியும்: கடைக்கு நாமதான் முதலாளி, ஆனா லீவு வேணும்னா கேட்டுத்தான் போடணும். எனக்கு திருநள்ளாறு கோயிலுக்குப் போற வழியில சுத்த சைவக் காப்பிக்கடை. ஊரு பட்டினச்சேரி. அங்க கடலோரத்துல நானும் என் நாத்தனார் வள்ளியும் கருவாடு போட்டுக்கிட்டிருந்தோம். அந்த வருமானத்துலதான் காப்பிக்கடையே எடுத்தேன்.

அக்ரிமெண்டுல ரெண்டு விஷயம் கொட்டை எழுத்துல இருக்கும். கையெழுத்துப் போட்ட ஆளே கடையில நிக்கணும். வேற சாப்பாட்டு வியாபாரம் எதுலயும் கை வைக்கக் கூடாது. மூணு வருஷம் முடிஞ்சு புதுப்பிக்கிற நேரம் வந்திடுச்சு. முதுகு போய் வீட்டுக்காரர் கடலுக்குப் போறதை விட்டப்புறம் இந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு. இது போனா எங்க கதி என்னன்னு உங்களுக்காவது புரியும்.

ஒன்பது மணிப் படம்

தெனமும் காலையில ஒன்பது மணிக்கு, கம்பெனித் தொப்பியோட கடையில நின்னு போன்ல படம் எடுத்து அனுப்பணும். எனக்குப் பதிலா வீட்டுக்காரர் நின்னா செல்லாது. ஒரு நாள் விடியக்காலையிலேயே வானம் கறுத்துக்கிட்டு வந்திச்சு. காயப்போட்ட நெத்திலி நனைஞ்சா அவ்வளவுதான், புழு வச்சிடும். கடையை அவரைத் திறக்கச் சொல்லிட்டு, நான் வள்ளியோட சேந்து அள்ளிக்கிட்டிருந்தேன்.

மணி ஒன்பது ஆயிடுச்சு. தொப்பி பையிலதான் இருந்திச்சு. எடுத்து மாட்டிக்கிட்டு, வெள்ளையடிச்ச செவுரு ஓரமா நின்னு, ஒரு சிரிப்பையும் வச்சு அனுப்பிட்டேன். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்க. அஞ்சாவது நிமிஷம் கம்பெனி ஏரியா மேனேஜர் போன் பண்ணினார். தன்மையான மனுஷர், கத்தத் தெரியாது.

"கடைக்குள்ள எப்பம்மா தென்னமரம் வச்சீங்க?"

சொல்தா ஐயா

பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரங்களை எங்க பக்கம் சொல்தான்னு சொல்வோம். அப்படி ஒரு பெரியவர் சனிக்கிழமை தவறாம காரைக்கால்லேர்ந்து வருவார். சர்ச்சுக்குப் போற மனுஷர், திருநள்ளாறுக்கு வர்றது என் காப்பிக்காக மட்டும்தான். நான் கருவாடு போடுறதும் அவருக்குத் தெரியும். மகள் இருக்கறது பாரீசுல. அவர் அங்க கெளம்புறதுக்கு முந்தின சனிக்கிழமை, குளத்துல முழுகிட்டு ஈரத்தலையோட வந்த பக்தருங்க கடை நிறைய நிக்கிறாங்க. ஐயாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால ஊருக்கே மந்தம்னு நெனப்பு.

"ஒரு காப்பி, சக்கரை கம்மியா. அரை கிலோ நெத்திலி, மண்ணு இல்லாம" அப்படின்னார். மொத்தக் கடையும் திரும்பிப் பாத்திச்சு. ஓரமா கூட்டிப் போய், இங்க கேக்காதீங்க ஐயா, கடை போயிடும், வள்ளிகிட்ட வாங்கிக்கங்கன்னு கெஞ்சினேன். மனசுக்குள்ள கோவம்தான். அவர் சொன்ன பதில்ல அது இருந்த எடம் தெரியல.

"பாரீசுல எல்லாம் கெடைக்குது தாயி, இந்த வாடைதான் கெடைக்கல."

காலியா இருந்த கட்டம்

புதுப்பிக்கிற படிவத்தோட மேனேஜரே நேர்ல வந்தார். அதுல 'வேறு வியாபாரம் உண்டா'ன்னு ஒரு கட்டம். மூணு வருஷத்துக்கு முன்னாடி 'இல்லை'ன்னு எழுதினேன். ஏமாத்தணும்னு எழுதல. எங்க ஊர்ல கருவாடு போடாத பொம்பளை யாரு? அதைப் போய் வியாபாரம்னு யாரு எழுதுவா? ஆனா இந்தத் தடவை தெரிஞ்சே எழுதணுமே. பேனா நகர மாட்டேங்குது. காப்பித்தூள் போட்டுத் தேச்சும் கையில வாடை இருக்கு. "இருக்குங்க. கருவாடு. அதுலதான் இந்தக் கடையே வந்திச்சு"ன்னு சொல்லிட்டேன். அழுகையும் வந்திடுச்சு.

அவர் போனை எடுத்து என் பழைய படத்தைக் காட்டினார். தென்னமரத்தடியில, அள்ளாம விட்ட ஒரு பாய் நெத்திலி பளிச்சுன்னு தெரியுது. நான் பாக்கவே இல்லை. இத்தனை நாளும் அவர் அதை மேலிடத்துக்கு அனுப்பாம வச்சிருந்திருக்கார். கருவாட்டை முழுசா வேற ஆளுக்குக் கொடுத்துட்டு எழுதித் தாங்க, ஒரு மாசம் போதுமான்னு கேட்டார். அந்த மனுஷர் பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கணும்.

"நீங்களா சொல்வீங்கன்னுதாம்மா காத்துக்கிட்டிருந்தேன். 'இல்லை'ன்னு எழுதியிருந்தா இந்தப் படத்தை அனுப்பியிருப்பேன்."

புது முதலாளி

வள்ளிக்கே எழுதிக் கொடுத்தேன், அவளும் கையெழுத்துப் போட்டா. வருஷக்கணக்கா என் பின்னாடியே கூடை தூக்கினவ. மனசு வலிக்கலன்னு சொன்னா அது பொய். ஆனா கருவாடு வாங்க வந்தவங்க அவளை "வள்ளிம்மா"ன்னு கூப்பிட்டப்ப அவ நின்ன நிப்பைப் பாக்கணுமே.

போன வாரம் லீவு கேட்டு வாங்கிக்கிட்டு ஊருக்குப் போனேன். பாய் ஓரத்துல நெத்திலி குமிஞ்சு கெடந்திச்சு. பழகின கை சும்மா இருக்குமா? குனிஞ்சு பரத்தப் போனேன். வள்ளி வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா.

"விடுங்க அண்ணி. கையெழுத்துப் போட்ட ஆள்தான் கை வைக்கணும்."

ரெண்டு தொழில் இருந்தப்ப ரெண்டு எடத்துலயும் ஒளிஞ்சு நின்ன நான், இப்ப ஒரு கடையில நிமிந்து நிக்கிறேன். கருவாடு வேணும்னா எல்லாரையும் போல வள்ளி வீட்டு வாசல்ல நிக்கிறேன்.