மஞ்சள் போட்டுக் கழுவிய சேவல் கழுத்து

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் பேஸ்மன்ற் அறையில், சனிக்கிழமை காலைகளில் ஒன்பது வெள்ளைக்காரரும் நானும் பூச்சி கட்டிக்கொண்டிருந்தோம். உயிருள்ள பூச்சி அல்ல. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய தூண்டில் முள்ளில் நூலையும் சேவலின் கழுத்து இறகையும் சுற்றிச் செய்வது. அது தண்ணீரில் மிதக்கவேண்டும். ட்றவுட் மீன் அதை நம்பி வாயைத் திறக்கவேண்டும். அப்படிப் பிடித்த மீனை, முத்தம் கொடுக்காத குறையாக, திரும்பவும் ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். இதை வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"குழம்பு வைக்காத மீனுக்கோ சனிக்கிழமை வேலையை விட்டனீங்கள்?"

ஊரில் நான் வீடு கட்டுவதற்குப் படம் வரைகிறவன். இங்கே கிழமையில் ஐந்து நாளும் பெட்டி ஒட்டினேன். கைக்கு ஏதாவது நுணுக்கமான வேலை கொடுக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

அந்த ஒன்பது பேருக்கும் ஒரே வியாதி. எல்லோரும் மறந்துபோன பழைய பூச்சி வகைகளைத் தேடிப்பிடித்துத் திரும்பக் கட்டுவது. நூலகத்தில் பழைய சஞ்சிகைகளைக் கிளறுவார்கள், செத்துப்போன மீன்பிடிகாரர் பூச்சி போட்டு வைத்த தகரப் பேணிகளை அவர்களின் பெண்சாதிமாரிடம் கெஞ்சி வாங்குவார்கள். குழுவின் தலைவரிடம் அவருடைய தகப்பன் கட்டிய பூச்சி ஒன்று இருந்தது. கடைசியாக மிஞ்சிய ஒன்று. தகப்பன் அதைத் தொப்பியில் குத்தி வைத்திருந்தாராம். மகன் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்த அறையின் ஜன்னலோரம் மாட்டியிருந்தார். அதன் இறகு வெண்ணெய் போல மங்கிய மஞ்சள். அந்த நிறம் எந்தக் கடையிலும் இல்லை. வெங்காயத் தோல், தேயிலை எல்லாம் போட்டுப் பார்த்தும் வரவில்லை. அந்தப் பூச்சியைத் தன் கையால் கட்டி, தகப்பன் நின்ற அதே ஆற்றில் வீசவேண்டும் என்பது அந்த மனுசனின் ஆசை.

எட்டு மாதமாக அவர்கள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, உங்கள் நாட்டில் பனி கொட்டாதா என்பதுதான். அந்த எரிச்சலில் வாய் முந்திவிட்டது. ஒரு மாதத்தில் அந்தப் பூச்சியை நான் கட்டித் தருகிறேன், முடியாவிட்டால் இந்தப் படியில் இனிக் கால் வைக்கமாட்டேன் என்றேன். ஒன்பது பேரும் அன்பாகச் சிரித்தார்கள். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்க்கம் நகருக்கு வடக்கே ஒரு பண்ணையில் வெள்ளைச் சேவல் ஒன்று வாங்கி, கழுத்துத் தோலை இறகோடு உரிப்பித்துக் கொண்டுவந்தேன். மனைவியிடம் கொடுத்து, "இதை ஒருக்காக் கழுவி வையும்" என்றுவிட்டு வேலைக்குப் போனேன். எங்கள் வீடுகளில் கோழி என்று எது உள்ளே வந்தாலும் மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவாமல் விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நினைவு வரவில்லை. திரும்பி வந்தபோது சேவல் கழுத்து கலியாண வீட்டுக்குப் போக வெளிக்கிட்டது போல் பளிச்சென்று இருந்தது.

"என்னப்பா செய்து வச்சிருக்கிறீர்?"

"கழுவச் சொன்னீங்கள், கழுவினன். நல்ல மஞ்சள், ஊரிலயிருந்து வந்தது."

கத்தினேன். அவளும் கத்தினாள். மல்வேர்ன் மாடிக்குடியிருப்பில் எட்டாம் தட்டு முழுவதற்கும் கேட்டிருக்கும். கழுத்தைத் தூக்கி பல்கனியில் எறிந்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

தவணைக்கு இரண்டு நாள் இருக்க, உடுப்புக் காயப்போடப் பல்கனிக்குப் போன இடத்தில் அதைப் பார்த்தேன். மூன்று கிழமை வெயில் மஞ்சளைத் தின்றிருந்தது. மேல்பக்கத்து இறகுகள் வெண்ணெய் நிறம். அசல் அதே நிறம். ஓடிப்போய் மனைவியைக் கட்டிப்பிடித்தேன். அவள் பயந்துவிட்டாள்.

சனிக்கிழமை, நான் கட்டிய பூச்சியை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டார்கள். மிதந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நிறம் எப்படி வந்தது என்று தலைவர் கேட்டார். மஞ்சள், மூன்று கிழமை வெயில் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவர் திரும்பி, ஜன்னலோரச் சட்டத்தில் விழுந்த வெயிலைப் பார்த்தார். பிறகு சட்டத்தைக் கழற்றி, தகப்பனின் பூச்சியை எடுத்து, பிளேடால் நூலை அறுத்துப் பிரித்தார். நாங்கள் தடுக்க நேரமில்லை. நூலுக்கு அடியில், வெளிச்சம் படாத இடத்தில், இறகு பளிச்சென்ற மஞ்சளாக இருந்தது. மங்கிய மஞ்சளை அந்தத் தகப்பன் ஒருநாளும் கட்டவில்லை. ஜன்னல் வெயில்தான் அதை மங்க வைத்திருக்கிறது.

மேசையில் தகப்பனின் பூச்சி இல்லை, நூலும் தும்பும்தான் கிடந்தன. மனுசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் படாத இறகு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். கழுத்தின் அடிப்பக்கத்தில் இருக்கிறது என்றேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்று விடாமல் மனைவிக்குச் சொன்னேன். அவள் பருப்பை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப நான் கழுவி வச்சதுதான் சரி. நீங்கள்தானே வெயிலில எறிஞ்சு பழுதாக்கினீங்கள்."